பிளஸ் குறியோடு வந்த மிஸ்டு கால்: திருப்பிக் கூப்பிடும் முன்



கொஞ்ச காலமாக நம் அலுவலகத்துக்குக் கல்வி உதவி, மருத்துவ உதவி விண்ணப்பம் கொண்டு வருகிறவர்களில் பலர், வந்த வேலை முடிந்ததும் செல்போனை நீட்டுகிறார்கள். "செகரட்டரி பாய், இது எந்த நாட்டு நம்பர்னு பாருங்களேன். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு தடவை அடிச்சு நின்னுடுச்சு. திருப்பிப் பண்ணலாமா?" கேட்பவர்களில் பெண்கள்தான் அதிகம். மகனோ மாப்பிள்ளையோ வெளிநாட்டில் இருப்பார். எடுத்தாலும் பயம், எடுக்காவிட்டாலும் பயம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

"வெளிநாட்டு நம்பர் வந்தால் எடுக்கவே எடுக்காதீர்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் அறிவுரை மற்ற ஊர்களுக்குச் சரியாக இருக்கலாம். நம் ஊருக்கு அது பொருந்தாது. பிரான்ஸில் பிள்ளைகள், ரெயூனியோனில் உறவினர்கள், சவுதி, துபாய், குவைத், கத்தாரில் வேலைக்குப் போனவர்கள், சிங்கப்பூர், மலேசியாவில் கடை வைத்திருப்பவர்கள் என்று முல்லா வீதியிலும் சுல்தான்பேட்டையிலும் கோட்டக்குப்பத்திலும் வெளிநாட்டுத் தொடர்பு இல்லாத வீடு குறைவு. எடுக்கவே மாட்டோம் என்று இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. சவுதியில் வேலை பார்த்த ஒருவர் அங்கே மவ்த்தாகிவிட்டார். அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் தன் சொந்த எண்ணிலிருந்து வீட்டுக்கு ஆறு முறை கூப்பிட்டிருக்கிறார். தெரியாத வெளிநாட்டு எண் என்று வீட்டார் எடுக்கவில்லை. பிறகு அந்த எண்ணை பிளாக்கும் செய்துவிட்டார்கள். இப்படி மவ்த்தாகும்போது அங்கேயே கபுரடக்கம் செய்வதா, மய்யித்தை ஊருக்கு அனுப்புவதா என்று குடும்பத்தாரின் ஒப்புதல் கடிதம் வேண்டும். இன்னொரு ஊர்க்காரர் வழியாகச் செய்தி நமக்கு எட்டி, நாம் வீட்டுக்குப் போய்ச் சொல்லி, கடிதம் போய்ச் சேர நான்கு நாள் ஆனது. அதுவரை ஜனாஸா காத்துக்கிடந்தது.

ஆகவே எடுக்கலாமா வேண்டாமா என்பதில் நிற்க வேண்டியதில்லை. கூப்பிட்டது யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது, அதைப் பார்ப்போம்.

முதலில் எண்ணைப் படிக்க வேண்டும். பிளஸ் குறிக்கு அடுத்து வரும் ஒன்று முதல் மூன்று இலக்கம் நாட்டுக் குறியீடு. சில போன்களில் பிளஸ்ஸுக்குப் பதில் 00 காட்டும், இரண்டும் ஒன்றே. நமக்கு 91. பிரான்ஸ் 33, ரெயூனியோன் 262, அமீரகம் 971, சவுதி 966, குவைத் 965, கத்தார் 974, ஓமன் 968, பஹ்ரைன் 973, சிங்கப்பூர் 65, மலேசியா 60, புருணை 673, இலங்கை 94. இவற்றை ஒரு தாளில் எழுதி போன் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடலாம்.

குறியீட்டை அடுத்த இலக்கங்களும் ஏதாவது சொல்லும். சவுதி என்றால் 966க்குப் பின் 5 வந்தால் செல்போன், 11 ரியாத், 12 மக்கா, ஜித்தா பக்கம், 13 தம்மாம், 14 மதீனா பக்கம். அமீரகத்திலும் 5 என்றால் செல்போன், 4 துபாய், 2 அபுதாபி, 6 ஷார்ஜா. பிரான்ஸில் 33க்குப் பின் 6 அல்லது 7 செல்போன். 1 பாரிஸ் வட்டாரம் என்று நாம் பழகியிருக்கிறோம், ஆனால் 2023 ஜனவரி முதல் அங்கே ஊருக்கும் எண்ணுக்கும் உள்ள பிணைப்பைத் தளர்த்திவிட்டார்கள். அதே நாளிலிருந்து இன்னொரு விதியும் வந்தது. விற்பனைக்காகத் தானியங்கிக் கருவி மூலம் கூப்பிடும் நிறுவனங்கள் அங்கே செல்போன் எண்ணைப் பயன்படுத்தக் கூடாது, அவர்களுக்கென்று ஒதுக்கிய தொடக்க எண்களையே பயன்படுத்த வேண்டும். 0162, 0163, 0270, 0271, 0377, 0378, 0424, 0425, 0568, 0569, 0948, 0949 ஆகியவை அவை. வெளிநாட்டிலிருந்து வரும்போது முதல் பூஜ்யம் போய்விடும். ஆகவே உங்கள் போனில் பிளஸ் 33 1 62 என்று தொடங்கினால் அது மகள் வீட்டு எண்ணாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, ஏதோ விற்பனைக்காரர்.

கண்ணை ஏமாற்றும் எண்களும் உண்டு. நம் ஊர் எஸ்டிடி குறியீடு 0413. பிளஸ் 413 என்று ஒரு எண் வந்தால் புதுச்சேரி என்று நினைத்துவிடுவோம். பிளஸ்ஸுக்குப் பின் 41 என்றால் சுவிட்சர்லாந்து. பிளஸ் 1 413 என்றால் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதி. ரெயூனியோனின் 262க்குப் பக்கத்தில் 261 மடகாஸ்கர், 269 கொமரோஸ். ஒரு இலக்கம் தவறாகப் படித்தால் நாடே மாறிவிடுகிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பது நல்லது.

இனி அந்த ஒற்றை ரிங் விஷயம். ஒரு தடவை அடித்து நின்றுவிடும் அழைப்புக்கு உலகம் முழுக்க 'வாங்கிரி' என்று பெயர். ஜப்பானியச் சொல். ஒரு மணி அடித்து வெட்டுவது என்று பொருள். 2000களின் தொடக்கத்தில் ஜப்பானில் பரவிய தந்திரம் இது. ஒரு கருவி ஆயிரக்கணக்கான எண்களுக்கு ஒரு ரிங் மட்டும் விட்டுத் துண்டிக்கும். யாரோ நம்மைத் தேடியிருக்கிறார்கள் என்று நாம் திருப்பிக் கூப்பிடுவோம். அந்த எண் நிமிடக் கட்டணம் மிக அதிகமுள்ள ஏதோ ஒரு தீவுக்கோ தூர நாட்டுக்கோ உரியதாக இருக்கும். நாம் கொடுக்கும் கட்டணத்தில் ஒரு பங்கு அந்த எண்ணை வைத்திருப்பவருக்குப் போய்விடும். நம்மை லைனில் நிறுத்திவைக்கப் பாட்டு போடுவார்கள், அல்லது மறுமுனையில் ரிங் போவது போன்ற ஓசையைக் கேட்க விடுவார்கள். 'இன்னும் எடுக்கவில்லையே' என்று நாம் காத்திருக்கும்போதே காசு ஓடிக்கொண்டிருக்கும்.

இதில் நம் வீடுகளுக்கு ஒரு ஆறுதல். பெரும்பாலான பிரீபெய்டு பேக்குகளில் 'அன்லிமிடெட்' என்பது உள்நாட்டுக்கு மட்டும்தான். தனியாக பேலன்ஸ் இல்லாமல் வெளிநாட்டுக்குக் கால் போகாது. இருக்கிற பேலன்ஸ் போகுமே தவிர அதற்கு மேல் போவதற்கு வழியில்லை. போஸ்ட்பெய்டு வைத்திருப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும், அவர்களுக்குப் பில் வந்த பிறகுதான் தெரியும். வெளிநாட்டுக்குக் கூப்பிடும் தேவையே இல்லை என்றால் ஐஎஸ்டி வசதியை நிறுத்திவைக்கும்படி உங்கள் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில் சொல்லிவிடலாம். பிள்ளைகளோடு வாட்ஸ்அப்பில் பேசுவதற்கு அது தேவையில்லை.

கூடவே ஒரு பொய்யையும் களைந்துவிட வேண்டும். 375, 371 என்று தொடங்கும் எண்ணை எடுத்தால் மூன்று வினாடியில் உங்கள் போனில் உள்ள பெயர்களும் பேங்க் விவரமும் களவு போய்விடும் என்று ஒரு செய்தி பல வருடங்களாகச் சுற்றுகிறது. அவை பெலாரஸ், லாட்வியா நாட்டுக் குறியீடுகள். சாதாரண அழைப்பை எடுப்பதாலோ திருப்பிக் கூப்பிடுவதாலோ மட்டும் போனில் உள்ளது களவு போகாது. களவு போவது அதன் பிறகு அவர்கள் சொன்னபடி நாம் ஏதாவது செய்யும்போதுதான். ஓடிபி சொல்வது, லிங்க்கைத் தொடுவது, ஏதோ ஒரு ஆப் இறக்குவது, நட்சத்திரக் குறி 401 போன்ற எண்ணை அழுத்துவது. கடைசியாகச் சொன்னது நம் அழைப்புகளை அவர்கள் எண்ணுக்குத் திருப்பிவிடும் தந்திரம். 2024 ஏப்ரல் 15 முதல் அந்தக் குறியீட்டு வழியை நிறுத்தும்படி மத்திய தொலைத்தொடர்புத் துறை கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. யார் எந்தக் காரணம் சொன்னாலும் அழுத்த வேண்டாம்.

வெளிநாட்டு எண்கள் இப்போது அதிகம் கண்ணில் படுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முன்பெல்லாம் மோசடிக்காரர்கள் வெளிநாட்டில் இருந்துகொண்டே நம் திரையில் பிளஸ் 91 எண்ணாகத் தெரியும்படி செய்வார்கள். அதைத் தடுக்க 2024 அக்டோபர் 22 அன்று தொலைத்தொடர்புத் துறை ஒரு தடுப்பு முறையைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் ஏறக்குறைய 1.35 கோடி போலி அழைப்புகள் நிறுத்தப்பட்டதாக அறிவித்தார்கள். அந்த வாசல் அடைபடவே அசல் வெளிநாட்டு எண்களிலிருந்து கூப்பிடத் தொடங்கினார்கள். 77, 84, 85, 86, 89 என்று தொடங்குபவற்றில் எச்சரிக்கையாக இருக்கும்படி துறை சொன்னது. இதில் 77 கஜகஸ்தான், 84 வியட்நாம், 86 சீனா. 85 என்பது ஒரு கூட்டம். 852 ஹாங்காங், 855 கம்போடியா, 856 லாவோஸ் என்று போகும். 89 எந்த நாட்டுக்கும் கொடுக்கப்படாத குறியீடு, ஆகவே அப்படி ஒரு எண் தெரிந்தால் அது போலி என்று யோசிக்காமல் முடிவு செய்யலாம். 84ஐப் பார்த்ததும் நம் பெரியவர்கள் சிலருக்கு மனசு இளகும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் சைகோனில் வியாபாரம் செய்தவர்களும் அங்கே பள்ளிவாசல் கட்டியவர்களும் நம் பக்கத்து மக்கள். அந்தப் பாசத்தை வைத்துக்கொண்டு நடுராத்திரியில் வரும் 84க்குத் திருப்பிக் கூப்பிட வேண்டியதில்லை.

பாகிஸ்தான் குறியீடான 92ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் போலீஸ் அதிகாரி படம் வைத்துக்கொண்டு, "உங்கள் மகனைக் கைது செய்திருக்கிறோம், உடனே பணம் அனுப்புங்கள்" என்று மிரட்டும் அழைப்புகள் இந்தியா முழுக்க எல்லாச் சமூகத்தாருக்கும் இந்தக் குறியீட்டில் வந்திருக்கின்றன. நம் வீடுகளில் மட்டும் இதனால் இன்னொரு பயமும் சேர்ந்துகொள்கிறது. 'அந்த நாட்டிலிருந்து போன் வந்தது என்று தெரிந்தால் நம்மைச் சந்தேகப்படுவார்களோ' என்று உடனே அழித்துவிடுகிறார்கள். பணம் போனவர்கள்கூட வெளியே சொல்வதில்லை. மோசடிக்காரனுக்கு இதைவிட வசதி வேறு கிடையாது. கேட்காமல் வந்த அழைப்பால் நீங்கள் குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள். அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள 'சக்ஷு' பகுதியில் புகார் செய்யுங்கள். புகார் செய்திருப்பது உங்களுக்குத்தான் பாதுகாப்பு. ஒரு சின்ன விஷயம். 92 என்று தொடங்கும் பத்து இலக்க எண் நம் நாட்டிலேயே ஏராளம். முன்னால் பிளஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பயப்படுங்கள்.

சரி, எண் எந்த நாடு என்று தெரிந்துவிட்டது. ஆள் யார்?

கையில் இருக்கும் எளிய வழி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எண்ணைப் போட்டு "இது யாருடையது?" என்று கேட்பது. பாதி எண்கள் அதிலேயே தீர்ந்துவிடும். மருமகன் புது சிம் வாங்கியிருப்பார், பேரன் நண்பன் போனிலிருந்து அடித்திருப்பான். ஹஜ், உம்ரா காலத்தில் இது மிகவும் அவசியம். ஹாஜிகள் அங்கே போய் இறங்கியதும் சவுதி சிம் வாங்குகிறார்கள். முதல் அழைப்பு நமக்குத் தெரியாத 966 5 எண்ணிலிருந்துதான் வரும். புறப்படும் முன்பே "இறங்கியதும் முதலில் மெசேஜ் போடுகிறேன், பிறகு கூப்பிடுகிறேன்" என்று பேசிவைத்துக்கொண்டால் வீட்டில் குழப்பம் இராது.

அடுத்து, அந்த எண்ணை ஏதாவது ஒரு பெயரில் சேமித்துவிட்டு வாட்ஸ்அப்பில் திறந்து படத்தையும் பெயரையும் பார்ப்பது. இதற்குக் கூப்பிட வேண்டியதில்லை. ஆனால் படத்தை யாரும் வைக்கலாம். போலீஸ் தொப்பியும் சிங்க முத்திரையும் கூகுளில் இலவசமாகக் கிடைக்கின்றன. ட்ரூகாலர் காட்டும் பெயரும் பெரும்பாலும் மற்றவர்கள் தங்கள் போனில் எழுதி வைத்த பெயர்தான், அரசாங்கம் சரிபார்த்த பெயர் அல்ல. 'ஸ்பேம்' என்று சிவப்பாகக் காட்டினால் நம்பலாம். நல்ல பெயர் காட்டுகிறது என்பதற்காக மட்டும் நம்ப வேண்டாம்.

நேரத்தையும் பாருங்கள். சவுதி, குவைத், கத்தார் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், அமீரகமும் ரெயூனியோனும் ஒன்றரை மணி பின்னால். பிரான்ஸ் கோடையில் மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை மணி பின்னால். சிங்கப்பூர், மலேசியா இரண்டரை மணி முன்னால். நமக்கு இரவு இரண்டு மணி என்றால் பாரிஸில் கோடையில் இரவு பத்தரை, குளிர்காலத்தில் ஒன்பதரைதான், மகள் மறந்துபோய் அடித்திருக்கலாம். சிங்கப்பூரில் அப்போது விடிகாலை நாலரை, அந்நேரம் யார் ஒரே ஒரு ரிங் விடுவார்கள்?

உண்மையாக நம்மைத் தேடுகிறவர் ஒரு ரிங்கோடு விடமாட்டார். மீண்டும் அடிப்பார், மெசேஜ் போடுவார், வேறு ஆளிடம் சொல்லி அனுப்புவார். அவசரம் என்று தோன்றினால் அந்த எண்ணுக்குக் கூப்பிடாமல், அந்த நாட்டில் உள்ள உங்கள் ஆளுக்கு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் கூப்பிடுங்கள். அவர் கிடைக்காவிட்டால் அவருடைய அறைத்தோழருக்கு. இதற்காகத்தான் வெளிநாடு போகிறவர்களிடம் கம்பெனிப் பெயர், அறைத்தோழர் ஒருவர் எண், பாஸ்போர்ட் நகல் மூன்றையும் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகும்படி நாம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். விபத்து, மவ்த் என்று செய்தி வந்தால் அந்நாட்டு இந்தியத் தூதரகத்தின் எண்ணைத் தூதரகத்தின் சொந்த இணையதளத்திலிருந்து எடுத்து விசாரிக்கலாம், வெளியுறவுத் துறையின் 'மதத்' தளத்திலும் பதியலாம். செய்தி சொன்னவர் கொடுக்கும் 'எம்பஸி நம்பரில்' விசாரிப்பதில் பயனில்லை.

சில சமயம் அசல் ஆளே வேற்று எண்ணில் வருவார். அமீரகத்தில் வாட்ஸ்அப் பேச்சு நெடுங்காலமாகத் தடுக்கப்பட்டிருப்பதால் மலிவான நெட்கால் ஆப்புகளில் பேசுகிறார்கள். அப்போது நம் திரையில் சம்பந்தமில்லாத நாட்டு எண்ணோ, வடநாட்டு செல் எண்ணோ தெரியும். எண் சரியில்லை என்பதால் மட்டும் ஆள் பொய் என்று ஆகிவிடாது. அதேபோல எண் சரியாக இருப்பதால் மட்டும் ஆள் மெய் என்றும் ஆகாது. எடுத்துப் பேசினால், பெயரை அவர் வாயால் சொல்ல வையுங்கள். "மாமி, நான்தான்... குரல் தெரியலையா?" என்றால், "யார், காதரா?" என்று நாமே பெயரை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். அடுத்த நிமிடம் அவன் காதராகிவிடுவான். ஜாபிர் (ரலி) அவர்கள் தம் தந்தையின் கடன் விஷயமாக நபி (ஸல்) அவர்களின் வீட்டுக் கதவைத் தட்டியபோது, யார் என்று கேட்கப்பட்டதற்கு "நான்" என்றார்கள். அந்தப் பதில் நபியவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. கதவுக்குச் சொன்னது போனுக்கும் பொருந்தும். இப்போது கணினியைக் கொண்டு குரலையே போலிசெய்ய முடிகிறது. அதனால் வீட்டுக்குள் ஒரு அடையாளச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆட்டுக்குட்டியின் பெயரோ, நன்னாவின் பட்டப்பெயரோ, ஃபேஸ்புக்கில் இல்லாத எதுவும் ஆகும்.

பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் சொல்தா குடும்பங்களுக்கு: வருடத்துக்கொரு முறை கேட்கப்படும் உயிர்ச் சான்று பற்றி யாராவது போனில் பேசி, பேங்க் விவரமோ கார்டு எண்ணோ கேட்டால் கொடுக்காதீர்கள். பிரெஞ்சில் பேசுகிறார் என்பது ஒரு சான்று ஆகாது. கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரில் போய் விசாரியுங்கள். கான்சுலேட் நம் ஊரிலேயே இருக்கிறது.

கூப்பிடுகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்போடியா, லாவோஸ், மியான்மர் எண்களிலிருந்து பேசுகிறவர்களில் எல்லோரும் விரும்பிப் பேசுகிறவர்கள் அல்லர். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப் போய், மியான்மரின் மியாவாடியில் அடைத்து, மோசடி அழைப்பு செய்ய வைக்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் 13 பேர் 2022 அக்டோபரில் மீண்டு சென்னை வந்தார்கள். 2025 மார்ச்சில் 500க்கும் அதிகமான இந்தியர்கள் விமானப்படை விமானங்களில் அழைத்துவரப்பட்டார்கள். ஏஜென்ட் ஒருவர் சுற்றுலா விசாவில் அந்தப் பக்கம் வேலை என்று சொன்னால், டிக்கெட் எடுக்கும் முன் நம் அலுவலகத்தில் ஒரு முறை காட்டுங்கள். உங்கள் பிள்ளை அந்த நாடுகளில் இருந்தால், 855, 856, 95 என்று வரும் அழைப்பை மட்டும் கண்மூடி ஒதுக்கிவிடாதீர்கள், உதவி கேட்டு வந்ததாகவும் இருக்கலாம்.

வாட்ஸ்அப்பில் 2023 ஜூன் முதல் தெரியாத எண்களின் ஓசையை அடக்கும் வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் கால்ஸ். போட்டுவிட்டால் மணி அடிக்காது, ஆனால் அழைப்புப் பட்டியலில் எண் இருக்கும். வயதானவர்கள் போனில் போட்டுவைப்பது நிம்மதி. வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீட்டில் போடுவதானால், தினமும் இஷாவுக்குப் பின் ஒருவர் அந்தப் பட்டியலைப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே திருப்பிக் கூப்பிட்டுவிட்டவர்கள் பேலன்ஸைப் பார்த்துவிட்டு எண்ணை பிளாக் செய்தால் போதும். பணம் அனுப்பிவிட்டவர்கள் மறுநாள் வரை காத்திராமல் உடனே 1930க்குப் பேச வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. பேங்குக்கும் சொல்லுங்கள். போனில் சொல்லத் தயங்குகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், வீட்டு ஆள் ஒருவரோடு அலுவலகத்துக்கு வந்தால் புகாரை எழுதிப் பதிவு செய்ய உதவுகிறோம். யாரிடமும் சொல்ல மாட்டோம். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அஸருக்குப் பின் மக்ரிப் வரை அலுவலகம் திறந்திருக்கும். வரும்போது போனைக் கொண்டுவாருங்கள், எதையும் அழிக்காமல்.